கொல்லை மரமும் கார்த்திகைப் புயலும்: டெல்டா வீட்டுப் பழமரங்களுக்குக் கோடைக் கடைசியில் என்ன செய்யலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

வைகாசி கடைசிக்கு வந்துட்டோம். கத்திரி முடிஞ்சாச்சுன்னு காலண்டர் சொல்லுது, வெயிலுக்கு அந்தச் சேதி இன்னும் போகலை. இந்த சமயத்தில் உங்களில் நிறைய பேர் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வருவீங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைன்னு டெல்டாவில் வீடு இருக்கிறவங்க மாம்பழப் பையோட கூடவே சில கேள்விகளையும் கொண்டு வர்றீங்க. "அம்மா தினமும் மாமரத்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்துறாங்க, போதுமா?" "எலுமிச்சங்காய் மரத்திலேயே வெடிக்குது, ஏன்?" "பப்பாளி இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கு, என்ன மருந்து அடிக்கிறது?" "மாம்பழத்தை அறுத்தா உள்ளே புழு." இந்த எபிசோடு இந்தக் கேள்விகளுக்காக.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். டெல்டாவில் கோடைக் கடைசியில் மரத்துக்குச் செய்யும் வேலை, கோடைக்கு மட்டுமான வேலை இல்லை. இப்போ அந்த மரத்துக்குத் தாகம். இன்னும் ஐந்து மாசத்தில், ஐப்பசி கார்த்திகையில், அதே மரம் தண்ணிக்குள்ள நிற்கும். சில வருஷம் புயலிலும் நிற்கணும். நடுவில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி இந்த ஆறேழு வாரம்தான். மண் காய்ஞ்சிருக்கு, பழம் இறங்கிக்கிட்டு இருக்கு, சேறு இல்லாம மரத்தைச் சுற்றி நடக்க முடியுது. கார்த்திகையில் மரம் நிற்குமா சாயுமாங்கிறதில் நம்ம கையில் இருக்கும் பங்கை இப்போதான் செய்ய முடியும்.

மேட்டூர் போடும் கணக்கு

மத்த ஊர் மரங்களுக்கு மழைக் கணக்கு மட்டும்தான். டெல்டாவில் கொல்லை மரத்துக்கு ஆற்றுக் கணக்கும் சேரும். 1934-இல் கட்டி முடிச்ச மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12 அன்னிக்குத் திறப்பாங்க, ஜனவரி 28 அன்னிக்கு மூடுவாங்க. திறந்த தண்ணி மூணு நாலு நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரங்க இன்னைக்கும் "புது ஆறு"ன்னுதான் சொல்லுவாங்க.

ஆற்றில் தண்ணி வந்தா வாய்க்காலில் ஓடும், வயலில் நிற்கும், மண்ணுக்குள் இறங்கிக் கொல்லைக் கிணற்றிலும் ஏறும். வாய்க்கால் காய்ஞ்சா கிணறும் இறங்கும். ஆக, பிப்ரவரியில் ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் மரத்துக்கு அடியில் மண் கொஞ்சம் கொஞ்சமா வறண்டுகிட்டே வருது. இந்தக் கடைசி வாரங்கள்தான் அதோட அடிமட்டம்.

ஜூன் 12-ஐயும் முழுசா நம்ப முடியாது. 2022-இல் மே 24 அன்னிக்கே திறந்தாங்க. 2024-இல் ஜூலை 28 ஆச்சு, அதாவது 46 நாள் தாமதம். "ஆற்றில் தண்ணி வந்துடும், மரம் தேறிடும்"னு விட்டா, அந்த மாதிரி வருஷத்தில் சின்ன மரங்கள் தாங்காது.

உங்க கொல்லை எந்த மண்ணுன்னும் பார்த்துக்கோங்க. கும்பகோணம், திருவாரூர் பக்கம் பழைய டெல்டாவில் பெரும்பாலும் களிமண். கோடையில் கால்விரல் போற அளவுக்கு வெடிக்கும், மழையில் தண்ணியை விடாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைன்னு புது ஆற்றுப் பாசனப் பகுதிக்கு வந்தா செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் கிடைக்கும். அங்கே ஊத்துன தண்ணி சீக்கிரம் கீழே போயிடும். வேதாரண்யம், முத்துப்பேட்டைன்னு கடலோரம் போனா கோடையில் கிணற்று நீரில் உப்பு ஏறும். ஒரே மாமரம்தான், ஆனா மூணு இடத்திலும் பராமரிப்பு வேற.

கஜா காட்டிய வேர்

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் வரைக்கும் தென்னை, பலா, மா எல்லாம் விழுந்தது. தென்னை லட்சக்கணக்கில் போச்சு, அது வாழ்வாதாரம்ங்கிறதால் கணக்கெடுத்தாங்க. வீட்டுக் கொல்லையில் விழுந்த ஒத்தை மாமரத்தையும் பலாவையும் யாரும் பெருசா எண்ணலை. ஆனா அந்த மரங்களை வெச்சது தாத்தாவா இருக்கும், அப்பாயியா இருக்கும். திரும்ப அந்த அளவு வளர இன்னொரு தலைமுறை ஆகும்.

எங்க வீடு ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பாயி வெச்ச பலா அன்னிக்கு வேரோட சாய்ஞ்சது. சாய்ஞ்ச மரத்தோட வேர்ப்பகுதி மண்ணோட சேர்ந்து ஒரு சுவர் மாதிரி எழுந்து நின்னுச்சு. ஒரு பக்கம் கை பருமனுக்கு வேர்கள். இன்னொரு பக்கம், துணி துவைக்கச் சிமென்ட் போட்ட பக்கம், சுண்டுவிரல் பருமன் வேர்கூட அதிகம் இல்லை. இருபது அடி தள்ளி, நாலு பக்கமும் மண்ணா இருந்த இடத்தில் நின்ன மாமரம் ரெண்டு கிளையை மட்டும் பறிகொடுத்துட்டு நின்னுச்சு.

ஒரு கொல்லையை வெச்சு ஊருக்கே விதி எழுத முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிச்சது, மரத்துக்கு என்ன வயசு, மண் எவ்வளவு ஊறியிருந்ததுன்னு பல காரணம் இருக்கு. ஆனா அந்த வேர்ச் சுவர் ஒண்ணைத் தெளிவாக் காட்டுச்சு. தண்ணியும் காற்றும் கிடைக்கும் திசையில்தான் வேர் போகும், கிடைக்காத திசையில் போகாது.

டெல்டாவில் இது இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் இடங்களில் வேர் ரொம்ப ஆழத்துக்கு இறங்கிப் பிழைக்க முடியாது, அங்கே மூச்சு முட்டும். ஆழம் கிடைக்காத மண்ணில் மரத்தைப் பிடிச்சு நிறுத்துறது அகலம்தான். நாலு பக்கமும் பரவின வேர் வேணும். அந்த வேரை எங்கே பரவவிடுறோம்னு தீர்மானிக்கிறது நாம தண்ணி ஊத்தும் இடம்.

வாளிக் கணக்கு

இப்போ அந்த ஒரு வாளிக் கேள்விக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணியைப் பரப்பினா ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். குடை நாலு மீட்டர் அகலம் இருக்கும் ஒரு மாமரம், கிட்டத்தட்ட 12.5 சதுர மீட்டர் நிழல் விழுத்தும். அங்கே 15 லிட்டர் வாளியை ஊத்தினா 1.2 மில்லிமீட்டர்தான் வருது. வைகாசி வெயில் அதைச் சாயங்காலத்துக்குள்ளே எடுத்துக்கிட்டுப் போயிடும். அம்மா அதைத் தூரோட ஊத்துறாங்கன்னா தூர் நனையும், ஆனா தண்ணி குடிக்கிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. அவை குடையோட விளிம்பை ஒட்டி, நிழல் முடியும் இடத்தைச் சுற்றித்தான் நிறைய இருக்கும்.

அதனால் மதியம் 12 மணிக்கு நிழல் எங்கே முடியுதோ அங்கே மமுட்டியால் ஒரு கோடு போடுங்க. அதுக்கு வெளியே அரை அடி உயரத்துக்குக் கரை. உள்ளே தூரை ஒட்டி ரெண்டு மூணு அடி விட்டு இன்னொரு சின்னக் கரை. நடுவில் கிடைக்கும் வளையத்தில்தான் தண்ணி. எலுமிச்சைக்கும் நார்த்தைக்கும் இந்த உள்கரை கட்டாயம். தூர் தொடர்ந்து ஈரமா இருந்தா பட்டை அழுகிப் பிசின் வடியும்.

அந்த நாலு மீட்டர் மரத்துக்கு ஒரு தடவைக்கு 400, 500 லிட்டர் வேணும். மலைக்காதீங்க. உங்க குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிறையுதுன்னா, ஹோஸை வளையத்தில் அரை மணி நேரம் போட்டா 450 லிட்டர். ஒரே இடத்தில் போடாம நாலு பக்கமும் நகர்த்திப் போடுங்க. களிமண்ணில் இது 15, 20 நாளைக்கு ஒரு தடவை போதும். மணல்சாரியில் வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை. தினமும் ஒரு வாளி ஊத்தினாலே ரெண்டு வாரத்தில் 200 லிட்டருக்கு மேல செலவாகியிருக்கும். அதில் பெரும்பகுதி காற்றுக்குப் போயிருக்கும், வேருக்கு இல்லை.

களிமண் வெடிச்சிருந்தா நேரா தண்ணி விடாதீங்க, வெடிப்பு வழியா ஆழத்துக்கு ஓடிடும். மேல் மண்ணை ரெண்டு விரல் ஆழம் லேசாக் கொத்தி, அந்தப் புழுதியால் வெடிப்பை மூடிட்டுத் தண்ணி விடுங்க. வயலில் கோடை உழவு செஞ்சு புழுதியாப் போடுவாங்க இல்லையா, ஏறக்குறைய அதே யோசனைதான். மறுநாள் ஒரு கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்க. ஒரு அடிக்குச் சுலபமா இறங்கினா சரியா நனைஞ்சிருக்கு. நாலு விரலில் முட்டிக்கிட்டா இன்னும் வேணும்.

இதில் ஒண்ணை ஒத்துக்கணும். முப்பது வருஷ மரத்தோட வேரை ஒரே கோடையில் திருப்ப முடியாது. ஆனா வெச்சு ஒண்ணு ரெண்டு வருஷமான கன்னில் முடியும். கன்னுக்கு 20, 30 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை, வருஷா வருஷம் வளையத்தை வெளியே தள்ளிக்கிட்டே போங்க. வேரும் பின்னாடியே போகும்.

எலுமிச்சை வெடிக்கும் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கு. பல நாள் காய்ஞ்ச மரத்துக்குத் திடீர்னு தண்ணி கிடைச்சா, காயோட உள்பகுதி வேகமா ஊதும். வெயிலில் இறுகின தோல் அந்த வேகத்துக்கு விரியாது, வெடிக்கும். மாதுளையிலும் இதே கதைதான். கோடை மழை பெய்யுறதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி மண் முழுசா வறளாம பார்த்துக்கிட்டா அந்த அதிர்ச்சி குறையும்.

கடலோரத்தில் இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இலை விளிம்பு தீய்ஞ்ச மாதிரி இருந்து, மண் மேலே வெள்ளையாப் பூத்திருந்தா, அது தாகம் மட்டும் இல்லை, உப்பும்தான். தினமும் தெளிச்சா உப்பு மேலேயே தங்கிடும். இடைவெளி விட்டு நிறையத் தண்ணி விட்டாதான் உப்பு வேருக்குக் கீழே கழுவிக்கிட்டுப் போகும். கிணற்றுத் தண்ணியையும் மண்ணையும் வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துடுங்க.

சருகும் சிமென்ட்டும்

கொல்லையில் கோடையில் நடக்கும் பெரிய நஷ்டம், கூட்டிக் கொளுத்தும் சருகு. மாவிலை, பலா இலை, தென்னை மட்டை, வைக்கோல் எதுவா இருந்தாலும் அந்த வளையத்துக்குள்ள நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்க. மண் சூடு குறையும், வெடிப்பு குறையும், ஊத்துன தண்ணி ரெண்டு மடங்கு நாள் நிற்கிற மாதிரி உணர்வீங்க. தேங்காய் மட்டை இருந்தா குழிவான பக்கம் மேலே பார்க்குற மாதிரி புதைச்சு வைங்க, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். தூரை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுடுங்க. இல்லைன்னா கரையான் அதை ஏணியா வெச்சுக்கும்.

அடுத்தது சிமென்ட். "பாம்பு வருது, சேறாகுது, கூட்டிப் பெருக்க முடியலை"ன்னு வயசானவங்க சொல்லுறதில் நியாயம் இருக்கு. பிள்ளைங்க எல்லாம் வெளியூரில் இருந்தா அந்தக் கொல்லையை யார் பார்க்கிறது? அதனால் லீவில் வரும் மகனோ மகளோ செய்யும் நல்ல காரியமா, மரத்தடி வரைக்கும் தளம் போட்டுடுறாங்க. கோடையில் தண்ணி உள்ளே போகாது. மழையில் மொத்தத் தண்ணியும் சிமென்ட் இல்லாத மூலையில் தேங்கும். நடக்க மூணு அடிப் பாதை போதும். தூரில் இருந்து குடை விளிம்பு வரைக்கும் மண்ணை விட்டுடுங்க. தளம் ஏற்கெனவே இருந்தா, விளிம்பை ஒட்டி ஒரு வரிசை மட்டும் உடைச்சு எடுக்கச் சொல்லுங்க.

பழைய வீடுகளில் கிணற்றடித் தண்ணி நேரா வாழைக்குப் போகும். அதைத் திரும்பக் கொண்டு வரலாம். அரிசி, காய் கழுவுன தண்ணி, குளிச்ச தண்ணி சரி. வாஷிங் மெஷின் தண்ணி வேணாம். சோப்புத் தூளில் இருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கிடும்.

புழு இருக்கும் மாம்பழம்

பழ ஈ காயோட தோலில் குத்தி உள்ளே முட்டை வைக்கும். புழு சதையைத் தின்னு வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணில் சில விரல் ஆழத்துக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து அடுத்த ஈ கிளம்பும். மாம்பழ சீசன் முடிஞ்சா அது கொய்யாவுக்குப் போகும். அதனால் மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழம்தான் அடுத்த தலைமுறைக்கான தொட்டில்.

செய்ய வேண்டியது எளிது, ஆனா தினமும் செய்யணும். விழுந்த பழத்தைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நாலஞ்சு நாள் வெயிலில் போடுங்க, இல்லை ரெண்டு அடி ஆழத்தில் புதையுங்க. குப்பைக்குழியில் மேலாகப் போட்டா புழுவுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. மரத்தடி மண்ணை லேசாக் கிளறிவிட்டா கூட்டுப்புழு வெயிலுக்கும் கோழிக்கும் மைனாவுக்கும் அகப்படும். உரக்கடையில் மெத்தில் யூஜினால் பொறி கிடைக்கும். அது ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், ஆண் குறைஞ்சா முட்டையும் குறையும். நம்ம துளசியிலும் அந்த வாசனைப் பொருள் இருக்கு. ஆனா இப்போ பழத்துக்குள்ள இருக்கும் புழுவைப் பொறி ஒண்ணும் செய்யாது, அதனால் பொறுக்கும் வேலையை அது ஈடு செய்யாது.

பழம் விழுந்து அடிபடாம இருக்க, வலை கட்டின தொரட்டியால் காம்பு ஒரு விரக்கடை விட்டுப் பறிங்க. முற்றினதான்னு சந்தேகமா? வாளித் தண்ணியில் போடுங்க. முற்றினது மூழ்கும், பிஞ்சு மிதக்கும். வைக்கோலில் வெச்சுப் பழுக்க விடுங்க. கார்பைடுக் கல் சட்டப்படி தடை செஞ்சது, வீட்டுக்கும் அது வேணாம்.

வெள்ளைப் பஞ்சுக்கு மருந்து

பப்பாளியில் வரும் வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டுபிடிச்சாங்க. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. மருந்து அடிச்சாங்க, அந்த மாவுப் படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கலை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அதோட இயற்கை எதிரிகளான மூணு வகைச் சின்னக் குளவிகளை வரவழைச்சாங்க. அதில் அசெரோஃபேகஸ் பப்பாயேன்னு ஒண்ணு, கொசுவைவிடச் சின்னது, மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டங்களுக்கு அனுப்புச்சு. கொஞ்ச காலத்திலேயே மாவுப்பூச்சி அடங்கிடுச்சு.

நமக்கு இதில் என்ன பாடம்னா, வெள்ளையைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. மருந்தில் முதலில் சாகுறது அந்தக் குளவிதான். ரொம்ப மோசமான இலையை வெட்டி எடுங்க, மத்ததை ஹோஸ் தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவுங்க. தண்டில் எறும்பு வரிசை இருக்கான்னு பாருங்க. மாவுப்பூச்சி விடும் தேனுக்காக எறும்பு அதுக்குக் காவல் இருக்கும். எறும்பு ஏறுறதைத் தடுத்தா பாதி வேலை முடிஞ்சது. எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருந்தா அது வண்ணத்துப்பூச்சியோடது. சின்னக் கன்னுன்னா கையால் எடுத்துப் போடுங்க. பெரிய மரம்னா விட்டுடலாம், தாங்கும்.

அரிவாளை இப்போ எடுக்காதீங்க

பழம் இறங்கின கையோட மரத்தை மொட்டை அடிக்கும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கு. "குடை பெருசா இருந்தா புயலில் சாயும்"னு காரணமும் சொல்லுவாங்க. பாதி சரி. அடர்த்தியான குடை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். ஆனா தலையை வெட்டினா வெட்டின இடத்தில் கொத்துக் கொத்தாப் போத்து கிளம்பும். அந்தப் போத்துகள் அடிமரத்தோட உறுதியாப் பிடிச்சு வளராததால் பின்னாடி காற்றில் முறியுறது அதுங்கதான். கூடவே, இந்த வெயிலில் திடீர்னு நிழல் போனா பட்டை வெந்து வெடிக்கும்.

மாமரத்தைக் கவாத்து பண்ண ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி, அதாவது ஆகஸ்ட், செப்டம்பர். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்குது. ஒண்ணோட ஒண்ணு உரசும் கிளை, உள்ளே பார்த்து வளரும் கிளை, நோய் கண்ட கிளை, இதை மட்டும் எடுத்தா வெளிச்சமும் காற்றும் குடைக்குள்ள புகுந்து வெளியே போகும். இப்போ என்ன செய்யலாம்னா, காய்ஞ்ச கொம்பை மட்டும் எடுங்க. ஆவணியில் வெட்ட வேண்டிய கிளையில் ஒரு துணியைக் கட்டி வைங்க. அப்போ நீங்க ஊரில் இருக்க மாட்டீங்க, வெட்ட வர்றவருக்கு அந்தத் துணி வழி சொல்லும்.

அடிமரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. ஓட்டையும் அதுக்குக் கீழே மரத்தூளும் இருந்தா உள்ளே தண்டுத்துளைப்பான் புழு. வளையும் கம்பியை விட்டுக் குத்தி எடுக்கணும். உள்ளே குடைஞ்ச மரம் வெளியே பச்சையாத்தான் தெரியும், காற்றடிக்கும்போது அந்த இடத்தில்தான் உடையும். வெட்டின, குடைஞ்ச இடத்துக்கு போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணி. ரெண்டையும் தனித்தனியாப் பாதிப் பாதித் தண்ணியில், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைச்சு அப்புறம் கலக்கணும்.

உரமும் இப்போ வேணாம். காய்ஞ்ச மண்ணில் யூரியா போட்டா வேர் கருகும். வளர்ந்த மாமரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம், மழை தொடங்கும் சமயத்தில் போட்டா போதும். இப்போ வாங்கி மக்க வெச்சுக்கோங்க.

தண்ணி வெளியே போக வழி

கடைசியா ஒண்ணு. தாகத்தில் நிற்கும் மரத்துக்கு வடிகால் வெட்டச் சொன்னா வீட்டில் சிரிப்பாங்க. ஆனா ஐப்பசியில் சேற்றில் இறங்கி வெட்ட முடியாது. பப்பாளி ரெண்டு நாள் தேங்கின தண்ணியைத் தாங்காது, வேர் மூச்சு முட்டிச் சாகும். பலாவும் தேங்கின தண்ணிக்கு எதிரி. மா ஓரளவு தாங்கும், சப்போட்டா இன்னும் கொஞ்சம் தாங்கும்.

கொல்லையில் மழைத்தண்ணி எங்கே நிற்கும்னு அப்பா அம்மாகிட்ட கேளுங்க, அவங்களுக்கு அங்குலம் அங்குலமாத் தெரியும். அங்கிருந்து தெரு வடிகாலுக்கோ வாய்க்காலுக்கோ அரை அடி ஆழத்தில் ஒரு கால்வாய் இழுங்க. மரத்தைச் சுற்றிப் போட்ட கரையைப் புரட்டாசிக் கடைசியில் ஒரு இடத்தில் வெட்டிவிடச் சொல்லுங்க. கோடையில் தண்ணியைப் பிடிச்ச கரை, மழையில் அதையே தேக்கி வைக்கக் கூடாது. பப்பாளிக்கு ஒரு அடி, ஒண்ணரை அடி மேடு கட்டி அதில் வைங்க.

வாழைக்கு ஐப்பசி வரைக்கும் நேரம் இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று வந்துடும். தார் போட்ட மரத்துக்கு இப்பவே மூங்கிலோ சவுக்குக் கம்போ முட்டுக் கொடுங்க. புதுசா மாங்கன்னு வைக்க ஆசையா? ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி மட்டும் இப்போ வெட்டி வெயிலில் ஆறப் போடுங்க. ஆடியில் நடலாம். வீட்டுச் சுவரில் இருந்து தள்ளி, நாலு பக்கமும் மண் இருக்கும் இடமாப் பாருங்க.

ரெண்டு நாள் லீவில் இதில் எதைச் செய்யுறதுன்னு கேட்டா, என் வரிசை இது. முதல் நாள் காலையில் நிழல் விளிம்பில் வளையம், சாயங்காலம் அரை மணி நேர ஹோஸ், மறுநாள் சருகு மூடாக்கு. ரெண்டாம் நாள் சாயங்காலம் அடிமரச் சோதனை, துணி கட்டுற வேலை, வடிகாலுக்கு ஒரு கோடு. கால்வாயை யாரையாவது வெச்சு வெட்டிக்கலாம். விழுந்த பழம் பொறுக்கும் வேலையைக் கொல்லைக்குத் தினமும் போறவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு வாங்க.

ஊருக்குப் போக முடியாதவங்க, அடுத்த தடவை அம்மாவுக்கு போன் பண்ணும்போது கொல்லையில் போய் நின்னு பேசச் சொல்லுங்க. மாமரத்தைச் சுற்றி எத்தனை பக்கம் மண் இருக்குன்னு கேளுங்க. நாலுன்னா சந்தோஷம். மூணுன்னா எந்தப் பக்கம் இல்லைன்னு குறிச்சு வைங்க, அடுத்த லீவில் முதல் வேலை அதுதான். உங்க கொல்லைப் போட்டோவும் கேள்வியும் அனுப்புங்க, ஆடியில் நடவு பற்றிப் பேசும்போது எடுத்துக்கிறேன்.